ஆங்கில இலக்கணத்திற்குத் தமிழே துணை



ஆங்கில இலக்கணம் என்றதும் நம்மில் பலருக்கு நடுக்கம் வந்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "டிட் யூ வென்ட் டு த லைப்ரரி?" என்று கேட்டபோது நாங்கள் சிரித்துவிட்டோம். அதன்பின் அவள் பல நாள் ஆங்கில வகுப்பில் வாய் திறக்கவேயில்லை. ஆனால், அது ஏன் பிழை என்று ஆசிரியை கேட்டபோது, சிரித்த எங்களுள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை! வெட்கமடைந்த நாங்கள், மாலைப் படிப்பு வேளையில் அவளையும் சேர்த்துக்கொண்டு அடிப்படைப் பாடங்களைத் திரும்பப் படித்தோம். அப்போது எங்களுக்குக் கைகொடுத்தது தமிழ் இலக்கணமே.

1. 'டிட்' வந்தால்

"நான் போகவில்லை" என்பதில் 'போக' என்னும் எச்சம் காலம் காட்டுவதில்லை. 'போனவில்லை' என்று எவரும் சொல்வதில்லை அல்லவா? ஆங்கிலத்திலும் அப்படியே. இறந்த காலத்தை 'டிட்' என்னும் துணைவினையே காட்டிவிடுகிறது. எனவே அடுத்த வினை 'வென்ட்' ஆகாமல் 'கோ' என்றே நிற்கும். "டிட் யூ கோ?", "ஐ டிட் நாட் கோ" என்பனவே சரி.

2. 'ஏ', 'ஆன்'

உயிரெழுத்தின் முன் 'ஓர்', உயிர்மெய்யின் முன் 'ஒரு': ஓர் ஊர், ஒரு நாடு. அதுபோலவே 'ஆன் ஆப்பிள்', 'ஏ மேங்கோ'. இங்கே எழுத்தை நம்பக் கூடாது. ஒலியையே கேட்க வேண்டும். மணி நேரத்தைக் குறிக்கும் சொல் 'எச்' என்ற எழுத்தில் தொடங்கினாலும், ஒலி 'அவர்' என்பதே; ஆகவே 'ஆன் அவர்'. 'யூ' என்ற உயிரெழுத்தில் தொடங்கும் பல்கலைக்கழகமோ 'ஏ யூனிவர்சிட்டி'. ஐயம் வந்தால் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்தே விடை கூறும்.

3. 'எஸ்' சேர்க்கும் இடம்

போகிறேன், போகிறாய், போகிறாள் என்று தமிழில் ஆளுக்கேற்ப விகுதி மாறுகிறது. ஆங்கில நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் ஆகிய படர்க்கை ஒருமைக்கு மட்டுமே மாற்றம். "ஐ கோ", "தே கோ". ஆனால் "ஷீ கோஸ்". 'மை மதர்' என்பதும் 'ஷீ'தான். ஆகவே "மை மதர் கோஸ்".

தமிழுக்கு மாறான இடங்களும் உண்டு. நமக்கு 'வந்தேன்' என்றாலே போதும். ஆங்கிலத்தில் 'ஐ' என்ற எழுவாய் கட்டாயம் வேண்டும். நாம் 'பெட்டிக்குள்' என்று பின்னால் சேர்ப்பதை, அவர்கள் 'இன் த பாக்ஸ்' என்று முன்னால் வைப்பர்.

தெரிந்த மொழி வழியே தெரியாத மொழியை அடைவது புதிய முறையன்று. ஐரோப்பியத் துறவியர் தமிழ் கற்பதற்காக, வீரமாமுனிவர் அவர்கள் அறிந்த இலத்தீனிலேயே பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது.

சிறு பயிற்சி: பிழை நீக்குக.

(அ) ஷீ டிட் நாட் கேம்.
(ஆ) மை சிஸ்டர் சிங் வெல்.
(இ) ஹீ இஸ் ஏ ஆனஸ்ட் மேன்.

விடை: (அ) கம் (ஆ) சிங்ஸ் (இ) ஆன் ஆனஸ்ட் மேன்.

தோழியரே, பிழை கேட்டால் நகைக்காமல், அதன் காரணத்தைத் தேடுவோம். அன்று வாய் மூடியிருந்த எங்கள் தோழிதான் இன்று ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்கு 'டிட்' பாடத்தை விளக்குகிறாள்!

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு