எம்.ஓ.டி. பாஸ் ஆன பழைய 520டி-யை நம்பலாமா?

பிரிட்டனில் பழைய கார் விற்பவர்கள் விளம்பரத்தில் விலைக்கு அடுத்தபடியாக எழுதுவது "ஒரு வருட எம்.ஓ.டி. இருக்கிறது", அதாவது வண்டி சாலைத் தகுதிச் சோதனையில் தேறிச் சான்றிதழ் வாங்கிவிட்டது, என்ற வரியைத்தான். அதைப் படித்ததும் வாங்க வருபவர் பாதி முடிவு செய்துவிடுகிறார். சின்ன காரில் இந்த அவசரம் சில நூறு பவுண்டு நஷ்டத்தோடு போகலாம். பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ், மெர்சிடிஸ் இ-கிளாஸ், ஆடி ஏ6 மாதிரியான பெரிய கார்களில் ஒரே ஒரு பழுது வாங்கிய விலையையே விழுங்கிவிடும். இந்தச் சான்றிதழ் எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்கு ஏற்பதில்லை என்று தெரியாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தப் பக்கம்.

எம்.ஓ.டி. சோதனை 1960-இல் தொடங்கியது. அப்போது பத்து வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகியவற்றைப் பார்த்தார்கள். 1967-இல் அந்த வயது மூன்றாகக் குறைந்தது. இன்றும் மூன்றாம் ஆண்டு முடிவில் முதல் சோதனை, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. வட அயர்லாந்தில் மட்டும் நான்காம் ஆண்டில் தொடங்குகிறது. மற்ற இடங்களில் காருக்கு வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு.

நம்பிக்கை: எம்.ஓ.டி. பாஸ் என்றால் என்ஜினும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கின்றன.

என்ஜினின் உள்நிலை, கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவை இந்தச் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை. பிரேக், டயர், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், விளக்குகள், சீட் பெல்ட், முன்கண்ணாடி, துரு, புகை, டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகள் இவைதான் அதன் எல்லை. அந்த எல்லைக்குள் சோதனை கறாரானது. 2010 செப்டம்பர் 1 முதல் சாலைக்கு வந்த காரின் கால்பிரேக் குறைந்தது 58 சதவீதத் திறன் காட்ட வேண்டும். டயரின் நடு முக்கால் அகலத்தில் சுற்றிலும் 1.6 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும். சஸ்பென்ஷன், சீட் பெல்ட் இணையும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் பலத்தைக் குறைக்கும் துரு இருந்தால் ஃபெயில்.

ஆனால் சோதனையாளர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது. பெரிய ஜெர்மன் கார்களின் அடியில் சத்தத்தையும் காற்றுத் தடையையும் குறைக்க அகலமான பிளாஸ்டிக் தட்டுகள் மாட்டியிருக்கும். என்ஜினிலிருந்து ஒழுகும் எண்ணெயும், சட்டத்தில் ஏறும் துருவும் அவற்றுக்கு மேலே மறைந்து கிடக்கலாம். அடியிலுள்ள மூடியால் சில பாகங்களைப் பார்க்க முடியவில்லை என்று சான்றிதழிலேயே குறித்திருப்பார்கள். பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் வரி அது.

பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸின் டீசல் மாடலான 520டி-யை உதாரணமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 2002 ஏப்ரலில் நிறுவனக் கார்களுக்கான வரி கார்பன் டையாக்சைடு அளவோடு இணைக்கப்பட்டது. அதனால் அந்த வாயுவைக் குறைவாக வெளியிடும் பெரிய டீசல் செடான் மேலாளர்களுக்குக் கட்டுபடியாகும் வண்டியாகிவிட்டது. 520டி நிறுவனங்களுக்குள் ஏராளமாகப் போய், சில ஆண்டுகளில் ஏலத்துக்கு வந்து, அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது கைகளுக்கு மாறியது. அதில் 2007 முதல் ஏறக்குறைய 2014 வரை இருந்தது என்47 என்ற நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின். இதன் டைமிங் செயின் என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2011 வரையிலான என்ஜின்களில் இந்தச் செயினும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளும் தேய்வதாகவும் அறுவதாகவும் ஏராளமான புகார்கள் வந்தன. அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி என்ஜினே போய்விடும். முன்னெச்சரிக்கையாக மாற்றலாம் என்றாலும் என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயினின் விலையைவிடக் கூலிதான் அதிகம்.

நாளை அறுந்துபோகும் நிலையில் செயின் இருக்கும் 520டி இன்று காலை எந்தக் குறையும் இல்லாமல் எம்.ஓ.டி. பாஸ் ஆகலாம். சோதனையாளர் மீது தவறில்லை. அவரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. கேட்க வேண்டியவர் வாங்குபவர். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்சிலரேட்டரை அழுத்தி, பின்பக்கத்திலிருந்து உலோகம் உரசும் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். செயின் மாற்றியதாகச் சொன்னால் பில்லைப் பார்க்க வேண்டும். எண்ணெய் மாற்றிய தேதிகளும் முக்கியம். வண்டியின் கணினி இரண்டு ஆண்டுவரை பொறுக்கலாம் என்று காட்டினாலும், அதற்கு முன்பே மாற்றிக்கொண்டு வந்தவரின் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

எச்சரிக்கை விளக்கு பற்றியும் ஒரு வார்த்தை. 2008 ஜூலை முதல் சாலைக்கு வந்த டீசல் காரில் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் ஃபெயில். ஆனால் கையடக்கக் கருவியால் பிழைக்குறியை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருந்தால் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு திரும்ப எரியும். நேற்றுதான் பாஸ் ஆன வண்டி என்பதில் இந்த ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

நம்பிக்கை: ஃபெயில் ஆன வண்டி என்றால் ஒதுங்கிப் போய்விடு.

இதுதான் அதிகம் பேரைத் தவறான வண்டியை நோக்கித் தள்ளுகிறது. பிரிட்டனில் முதல் முறையிலேயே ஃபெயில் ஆகும் கார்கள் நான்கில் ஒன்றுக்கும் மேல். அடிக்கடி வரும் காரணங்கள் விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர். ஒரு பல்ப் போயிருந்தாலே ஃபெயில் ஆகலாம். ஆகவே ஃபெயில் என்ற சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2018 மே 20 முதல் குறைகளை டேஞ்சரஸ், மேஜர், மைனர் என்று பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் எது இருந்தாலும் ஃபெயில். மைனரும், அதற்கும் கீழே உள்ள அட்வைசரி குறிப்பும் இருந்தால் பாஸ்.

காரின் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் 2005 முதலான சோதனை முடிவுகள் இலவசமாக வந்து நிற்கும். இப்படி ஒன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 2021: பாஸ், முன் இடது லோயர் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் கையின் ரப்பர் இணைப்பு) லேசாகத் தேய்ந்திருக்கிறது. 2022: பாஸ், அதே குறிப்பு. 2023: பாஸ், அதே குறிப்பு, கூடவே முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் தேய்ந்திருக்கின்றன. 2024: பாஸ், புது டயர், புஷ் மட்டும் அதே இடத்தில்.

நான்கு ஆண்டும் பாஸ்தான். ஆனால் இந்த உரிமையாளர் சோதனையைத் தாண்டுவதற்கு எது போதுமோ அதை மட்டுமே செய்திருக்கிறார். தேய்ந்த புஷ் சக்கரத்தின் சாய்வைக் கலைக்கிறது, சாய்ந்த சக்கரம் டயரின் உள்விளிம்பைத் தின்கிறது. அவர் டயரை மாற்றினார், காரணத்தை மாற்றவில்லை. கண்ணுக்குத் தெரிந்து, காகிதத்திலும் எழுதிக் கொடுத்த புஷ்ஷுக்கே இந்தக் கதி என்றால், கண்ணுக்குத் தெரியாத கியர்பாக்ஸ் எண்ணெயை அவர் கவனித்திருப்பாரா?

பக்கத்திலேயே இன்னொரு 520டி: ஓர் ஆண்டு உடைந்த ஸ்பிரிங்குக்கு ஃபெயில், இன்னோர் ஆண்டு துருவேறிய பிரேக் பைப்புக்கு ஃபெயில். இரண்டு முறையும் சரிசெய்து பாஸ். ஓராண்டில் வந்த அட்வைசரி அடுத்த ஆண்டில் காணாமல் போயிருக்கிறது. நான் வாங்குவதானால் இதைத்தான் வாங்குவேன். ஒரு நாளின் முடிவு அந்த நாளுக்குத்தான் செல்லும். பத்து ஆண்டு முடிவுகளை வரிசையாகப் படித்தால் வண்டியை வைத்திருந்தவரின் குணமே தெரியும். பழைய எக்ஸிகியூட்டிவ் காரின் நம்பகத்தைத் தீர்மானிப்பதில் அந்தக் குணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

நம்பிக்கை: குறைந்த மைல் ஓடிய வண்டிதான் நல்ல வண்டி.

டீசலில் இது பெரும்பாலும் தலைகீழ். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, சூடான என்ஜின் இடைவிடாமல் ஓடும் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வந்த 60,000 மைல் டீசலில் அது அடைத்துக்கொள்ளும். மோட்டார்வேயிலேயே 1,30,000 மைல் ஓடிய வண்டியில் அந்தத் தொல்லை குறைவு. அடைத்த வடிகட்டியைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. 2014 பிப்ரவரி முதல் வடிகட்டி இல்லாவிட்டால் ஃபெயில். 2018 மே முதல் வடிகட்டி உள்ள காரில் புகை கண்ணில் பட்டாலே ஃபெயில். ஆனால் மேலோட்டைத் திறந்து உள்ளே இருப்பதைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பற்றவைத்தால் வெறும் பார்வையில் பிடிபடுவது கடினம். அந்த ஓட்டில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு சோதனையிலும் ஓடோமீட்டர் அளவு பதிவாவதால் மீட்டரைத் திருப்புவது இப்போது கடினம் என்பது உண்மைதான். ஒரு பெரிய ஓட்டை மட்டும் இருக்கிறது. முதல் மூன்று ஆண்டு சோதனையே கிடையாது. அந்த மூன்று ஆண்டில்தான் நிறுவனக் கார் அதிகமாக ஓடுகிறது. குத்தகை ஒப்பந்தத்தில் மைல் வரம்பும், தாண்டினால் மைலுக்கு இவ்வளவு என்ற அபராதமும் இருக்கும். முதல் எம்.ஓ.டி.க்கு முன்பே மீட்டர் குறைக்கப்பட்டிருந்தால், அதற்குப் பிறகு வரும் எண்களெல்லாம் ஒழுங்காகவே ஏறும். அந்தக் காலத்து சர்வீஸ் பில்களில் உள்ள மைல் அளவு இதைக் காட்டிக்கொடுக்கலாம்.

நம்பிக்கை: ஜெர்மனியின் டூஃப் பட்டியலில் மேலே இருந்தால் உடையாத கார்.

ஜெர்மனியில் எம்.ஓ.டி. போன்ற வாகனச் சோதனைகளை நடத்தும் டூஃப் சங்கம் தனது சோதனை முடிவுகளை மாடல் வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் போர்ஷே 911 வழக்கமாக மேலே இருக்கும். விடுமுறை நாளில் எடுத்து, ஷெட்டில் நிறுத்தி, தவறாமல் சர்வீஸ் செய்யும் வண்டி பின்னே எப்படி இருக்கும்? 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டு, மூன்று வயதுக் கார்களில் கடைசி இடம் டெஸ்லா மாடல் 3-க்கு: 14.7 சதவீதம் ஃபெயில். பிரேக், சஸ்பென்ஷன், விளக்குக் குறைகள் அதற்குக் காரணம். அது வழியில் நின்றுபோன கார்களின் கணக்கு இல்லை. வழியில் நின்ற கார்களை ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் தனியாகக் கணக்கிடுகிறது. அங்கே ஆண்டுக்கு ஆண்டு முதலிடத்தில் இருக்கும் காரணம் ஸ்டார்ட்டர் பேட்டரி, 40 சதவீதத்துக்கும் மேல். இரண்டும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

நம்பிக்கை: விலை இறங்கிவிட்டது, இனி செலவும் குறைவு.

யானையைக் கட்டித் தீனி போடும் வேலை இது. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. 2002-இல் வந்த டபிள்யூ211 இ-கிளாஸில் சென்சோட்ரானிக் என்ற மின் பிரேக் இருந்தது. அதன் பம்ப் எத்தனை முறை பிரேக் மிதித்தோம் என்று எண்ணி, குறிப்பிட்ட எண்ணிக்கை வந்ததும் 'மாற்று' என்று எச்சரிக்கும். 2004-இல் லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தார்கள். 2006-இல் அந்த முறையையே கைவிட்டுப் பழைய ஹைட்ராலிக் பிரேக்குக்குத் திரும்பினார்கள். கணக்கு முடியும் தறுவாயில் இருக்கும் பம்ப்போடு எம்.ஓ.டி.யின் பிரேக் ரோலர் சோதனையில் பாஸ் ஆகலாம். மெர்சிடிஸ் கணினியை மாட்டினால்தான் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்களில் இரவு முழுக்க நிறுத்திவைத்துக் காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. விற்பவர் வீட்டுக்கு நேரம் சொல்லிவிட்டுப் போனால், அதற்குள் என்ஜினை ஓடவிட்டு நிமிர்த்தி வைத்திருப்பார்.

லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவு. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகர எல்லை முழுவதும் யூலெஸ் என்ற மிகக் குறைந்த உமிழ்வு மண்டலம். யூரோ 5 உமிழ்வுத் தரத்திலுள்ள டீசலுக்கு ஓட்டும் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. எம்.ஓ.டி. பாஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் அந்தத் தரத்தைத் தாண்டாத என்47 காலத்து 520டி இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

நம்பிக்கை: பாஸ் ஆன வண்டியைக் கொடுத்த பிறகு டீலரைக் கேட்க முடியாது.

முடியும். 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய கார் வாங்கும்போதே பழுதாக இருந்தது என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு, வாங்கி ஆறு மாதம் ஆகும்வரை தெரியவரும் பழுது விற்பனையின்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் டீலர். சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்பு. அதுவும் பலிக்காவிட்டால் விலைக் குறைப்போ, ஓட்டிய அளவைக் கழித்துக்கொண்டு பணமோ. "எம்.ஓ.டி. பாஸ் ஆச்சே" என்ற பதிலுக்கு இங்கே மதிப்பில்லை. வண்டியின் வயதும் மைலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். தேய வேண்டியது தேய்ந்தால் அது பழுதாகாது.

தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. விற்பவர் பொய் சொல்லியிருக்கக் கூடாது, சாலையில் ஓட்டத் தகாத வண்டியை விற்கக் கூடாது என்பதோடு சட்டம் நின்றுவிடும். அங்கே 520டி வாங்கப் போகிறவர் பதிவு எண்ணை முந்தின நாளே கேட்டு வாங்கி, வரலாறு முழுவதையும் படித்துவிட்டு, தான் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவைத்து, அந்த மாடலைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போக வேண்டும்.