லொகேஷன் கேட்கிறார்களா? கொஞ்சம் பொறு, தங்கச்சி

ஊரிலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த பெண்களிடம் இந்தப் பேச்சு என்றாவது ஒருநாள் வந்துவிடுகிறது. "ஒரு ஆப் இருக்காம்மா, போட்டுக்கோ. நீ எங்க இருக்கேன்னு நாங்க இங்கிருந்தே பாத்துக்குவோம்." கேட்பது அப்பாவாக இருக்கும், அண்ணனாக இருக்கும், நிச்சயம் முடிந்த மாப்பிள்ளையாக இருக்கும். இப்போதெல்லாம் மேனேஜரும் கேட்கிறார். தயங்கினால் அடுத்து என்ன வரும் என்று உனக்கே தெரியும்: "மறைக்க என்ன இருக்கு?"

அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லப் போகாதே. சொல்ல ஆரம்பித்தால் நீ குற்றவாளிக் கூண்டில் ஏறியாயிற்று. உன் தைரியத்துக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். போதைப்பொருள் வழக்கில் கைதான ஃபிராங்க் வைட்டஸ் என்ற நைஜீரியருக்கு ஜாமீன் கொடுத்தபோது, கூகுள் மேப்ஸில் பின் போட்டு, தான் இருக்கும் இடம் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தார்கள். 2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அதை நீக்கியது. ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தைப் போலீஸ் எந்நேரமும் நோட்டம் விடும்படி நிபந்தனை போடுவது அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்றே சொல்லியாயிற்று. ஜாமீனில் வந்தவருக்கே இருக்கிற உரிமை, பி.காம் முடித்து வேலைக்குப் போகிற உனக்கு இல்லாமல் போகுமா?

ஆனால் இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டாதே. வீட்டில் சட்டம் பேசினால் சண்டைதான் மிஞ்சும். தீர்ப்பு உன் மனசுக்குள் இருக்கட்டும், பேச்சு வேறாக இருக்கட்டும்.

முதலில், கேட்பவருக்கு உண்மையில் என்ன பயம் என்று பார். அம்மாவுக்கு வேண்டியது "பத்திரமா போய்ச் சேர்ந்துட்டியா" என்பதற்கு ஒரு பதில். நாள் முழுக்க மேப்பில் ஊர்ந்துகொண்டிருக்கும் நீலப்புள்ளி அல்ல. அந்தப் புள்ளி பயத்தைக் குறைக்கும் என்றும் நினைக்காதே. அது காட்டுவது போன் இருக்கும் இடத்தை மட்டும்தான். பெரிய கட்டடத்துக்குள் போனால் ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது, புள்ளி பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். சார்ஜ் தீர்ந்தால் அப்படியே உறைந்துவிடும். "ஏன் அரை மணி நேரமா ஒரே இடத்துல நிக்கிறே?" என்று அப்புறம் போன் வரும். முன்பு ஒரு கவலையோடு இருந்தவர்களுக்குப் புள்ளி வந்தபின் பத்துக் கவலை.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான்: உன்னைப் பகிராதே, நீ போகும் வண்டியைப் பகிர். ரயிலா? வண்டி எண்ணையும் கோச்சையும் அனுப்பிவிடு. 'வேர் இஸ் மை ட்ரெயின்' ஆப்பில் வண்டி விழுப்புரம் தாண்டிவிட்டதா என்று அப்பாவே பார்த்துக்கொள்வார், சொல்லப்போனால் ரசித்துப் பார்ப்பார். ஆம்னி பஸ் என்றால் பல கம்பெனிகள் டிராக்கிங் லிங்க் அனுப்புகின்றன. அதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணு. ஆட்டோ, கேப் என்றால் புக் பண்ணின ஆப்பிலேயே டிரிப்பை ஷேர் பண்ணும் வசதி இருக்கிறது, இறங்கினதும் அது முடிந்துவிடும். நடந்து போகிற நேரத்துக்கு வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் போதும். அதில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே அளவு. நேரம் ஆனதும் தானாக நின்றுவிடுவதுதான் அதன் அழகு. கிளாம்பாக்கத்தில் ஏறித் திருநெல்வேலி போகிற ராத்திரிப் பயணத்துக்கு 8 மணி நேரம் பத்தாது. நடுவில் முழிப்பு வந்தால் இன்னொரு தடவை போட்டுக்கொள்.

இதையெல்லாம் அவர்கள் கேட்கும் முன்பே நீயாகச் செய். கூடவே ரூம்மேட் நம்பர், ஹாஸ்டல் வார்டன் நம்பர், ஆபீஸ் செக்யூரிட்டி மேசை நம்பர் மூன்றையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டு வா. நீ போன் எடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்று தெரிந்துவிட்டாலே பாதி பயம் போய்விடும்.

வாயில் வார்த்தை வராமல்தான் நிறையப் பேர் ஆப்பைப் போட்டுவிடுகிறார்கள். அப்பாவிடம் இப்படிச் சொல்: "ராத்திரி பஸ் ஏறினா லைவ் லொகேஷன் போடறேன்ப்பா. மத்த நேரம் கூப்பிடுங்க, எடுக்கறேன்." சொன்னபடி எடுக்கவும் வேண்டும், அது உன் பக்கத்துக் கடமை. மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தாமல், "எங்க இருக்கேன்னு கேளுங்க, சொல்றேன். எந்நேரமும் பாத்துட்டே இருக்கிறது எனக்கு ஒத்து வராதுங்க" என்று சொல். காரணம் அடுக்காதே. ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும், "ஒத்து வராது" என்பதற்கு இருக்காது. அப்படியும் வற்புறுத்தினால், "சரி, நீங்களும் போடுங்க, நானும் பாக்கறேன்" என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார். சிரித்துக்கொண்டே சரி என்பவர் ஒரு ரகம். "ஆம்பளைக்கு எதுக்கு?" என்பவர் வேறு ரகம். கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது, ஜாதகத்தில் வராது.

போலி லொகேஷன் காட்டும் ஆப்பைப் பற்றி யாராவது தோழி காதில் போடுவாள். வேண்டாம். ஆபீஸ் ஆப்கள் பல அதைக் கண்டுபிடித்துவிடும். வீட்டில் ஒருமுறை மாட்டினால் அதற்குப்பின் நீ சொல்லும் நிஜமும் எடுபடாது. ஆபத்து நேரத்தில் உன்னைத் தேடுபவர்கள் தப்பான தெருவில் நிற்பார்கள்.

எவ்வளவு சொல்லியும் போட்டே ஆக வேண்டிய நிலை வரலாம். வீட்டுச் சாப்பாடும் படிப்புச் செலவும் அவர்கள் கையில் இருக்கும்போது வீரம் பேசு என்று நான் சொல்லமாட்டேன். அப்போது போனிலேயே இருக்கும் கூகுள் மேப்ஸ் பகிர்வோ ஐபோனின் 'ஃபைண்ட் மை' வசதியோ போதும் என்று அதில் நில். தனியாகக் 'குடும்ப' ஆப் எதுவும் வேண்டாம். லைஃப்360 என்ற பிரபல குடும்ப ஆப், பயனாளர்களின் இருப்பிட விவரங்களைத் தரகு நிறுவனங்களுக்கு விற்றதை 2021 டிசம்பரில் 'தி மார்க்கப்' என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளியிட்டது. அடுத்த மாதமே, துல்லிய இருப்பிடத்தை விற்பதை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. நீ எங்கே போகிறாய் என்று அப்பா பார்ப்பது ஒரு விஷயம், யாரென்றே தெரியாதவன் காசு கொடுத்துப் பார்ப்பது இன்னொரு விஷயம். வீட்டில் பேசும்போது இந்தப் பாயின்ட் நன்றாக எடுபடும், அண்ணன்களுக்குக்கூட.

மற்ற ஆப்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதியையும் அப்படியே ஒரு பார்வை பார். செட்டிங்ஸில் லொகேஷன் போய், 'எப்போதும்' என்றிருப்பதை 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்று. ஆண்ட்ராய்ட் 12 முதல் 'துல்லிய இருப்பிடம்' என்பதை அணைத்துவிட்டால், நீ சுமார் 3 சதுர கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் இருக்கிறாய் என்றுதான் அந்த ஆப்புக்குத் தெரியும். ஐபோனிலும் இதே வசதி உண்டு. மழை வருமா என்று சொல்கிற ஆப்புக்கு உன் வீட்டு வாசல் எதற்கு?

ஆபீஸ் விஷயம் சுருக்கமாக. ஃபீல்டு வேலைக்கு லொகேஷன் கேட்பதில் நியாயம் இருக்கலாம். வேலை நேரத்தில் மட்டுமா, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று மெயிலில் கேள். வாய்ப்பேச்சாக விடாதே. கம்பெனி போன் கேள். கிடைக்காவிட்டால் ஆண்ட்ராய்டில் 'வொர்க் ப்ரொஃபைல்' போட்டுத் தரச் சொல், ஷிஃப்ட் முடிந்ததும் அந்த ஆப்களை மட்டும் நிறுத்தி வைத்துவிடலாம். 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்கிறது, ஆனால் வேலை தொடர்பான தேவைகளுக்கு முதலாளிக்குக் கொஞ்சம் இடமும் விடுகிறது. எனவே சட்டத்தை வைத்து மிரட்டாமல் கூட வேலை செய்பவர்களோடு சேர்ந்து கேள். ஹரியானாவில் 2021-இல் ஆஷா பணியாளர்கள் தங்கள் போனில் திணிக்கப்பட்ட ஆப்பை எதிர்த்துக் கூட்டாகத்தான் போராடினார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அன்போடோ அசட்டுத்தனத்தோடோ கேட்பவர்களுக்கு. லொகேஷனை அணைத்தால் அடி விழும், மிரட்டல் வரும் என்ற இடத்தில் நீ இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதே. திடீரென்று ஆப்பை நீக்கினால் அது மிரட்டுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும். ஆபத்து கூடுவது அப்போதுதான். உன் போனை விட்டுவிட்டுத் தோழியின் போனிலிருந்து 181-ஐக் கூப்பிடு, பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப்பும் இருப்பிடத்தை அனுப்பும், ஆனால் நீ சிவப்பு பட்டனை அழுத்தினால்தான்.

நீ சொல்லாமலே நீ போன இடம் அவனுக்குத் தெரிகிறதா? கூகுள் மேப்ஸில் உன் படத்தைத் தொட்டு 'லொகேஷன் ஷேரிங்' பார். கூகுள் அக்கவுன்ட்டில் தெரியாத போன் ஏதும் இருக்கிறதா, வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ன காட்டுகிறது என்று பார். ஐபோனில் ஐ.ஓ.எஸ். 16 முதல் 'சேஃப்டி செக்' என்று ஒன்று உண்டு. யாருக்கு என்னென்ன பகிர்கிறாய் என்று ஒரே இடத்தில் காட்டும், யாராவது எட்டிப் பார்த்தால் சட்டென்று வெளியேற பட்டனும் வைத்திருக்கிறார்கள். எதையும் நீக்கும் முன் வேறொரு போனால் திரையைப் படம் எடுத்து, அந்தப் போனிலேயே வைத்திரு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில், விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும் அவளுடைய இணைய, மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பதும் குற்றம். முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்கப் போகும்போது அந்தப் படங்கள் வேண்டும்.

போனில் ஒன்றும் அகப்படவில்லை என்றால் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் ஹேண்ட்பேக் உள்தையலிலும் தடவிப் பார். ஏர்டேக் போன்ற, இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் வட்டமான சின்னப் பொருளை யாராவது வைத்திருக்கலாம். ஆண்ட்ராய்ட் செட்டிங்ஸில் 'அன்நோன் டிராக்கர் அலர்ட்ஸ்' போய் ஸ்கேன் கொடுத்தால் அருகில் இருப்பதைக் காட்டும். ஐபோனில் எச்சரிக்கை தானாகவே வரும். கிடைத்தால் தூக்கி எறியாதே. கிடைத்த இடத்தோடு படம் எடு, அதில் இருக்கும் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள், பிறகு பேட்டரியைக் கழற்று. அந்த எண்ணை வைத்துத்தான் அது யார் பெயரில் இருக்கிறது என்று போலீஸ் அதைத் தயாரித்த கம்பெனியிடம் கேட்க முடியும்.