முதலில் பார்க்கப் பழகுங்கள்

கேள்வி: பி.எட். படிக்கிறேன். விடுமுறை நாட்களில் சிறப்புக் குழந்தைகளுக்கான வகுப்பில் தொண்டு செய்ய ஆசை. தனிப் பயிற்சி இல்லாமல் போகலாமா?
– வாசகி, தாராசுரம்

பதில்: தாராளமாகப் போகலாம், அம்மா. கும்பகோணம் பகுதி வட்டார வள மையத்தில் முதலில் விசாரியுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் வழிகாட்டுவார்கள்.

போனதும் பாடம் நடத்தத் துடிக்காதீர்கள். எந்தக் குழந்தை எந்தச் சத்தத்துக்கு மிரள்கிறது, எதைப் பார்த்தால் முகம் மலர்கிறது என்று கவனியுங்கள். ஒன்றைச் சொன்னால், பதில் வரும்வரை காத்திருங்கள். சட்டைப் பொத்தானைப் போட ஒரு பிள்ளை ஐந்து நிமிடம் திணறும். நம் கை தானாக நீளும். நீளக் கூடாது. அந்த ஐந்து நிமிடம்தான் அதற்குப் பாடம். உங்கள் ஊரில் தறிக்குப் பஞ்சமில்லை. சாயமேற்றிய நூல்கண்டுகளைக் கேட்டு வாங்கிப் போங்கள். நிறம் பிரிக்க, விரலுக்கு வேலை கொடுக்க அருமையான பொருள். பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு நீங்களாகச் சோறு ஊட்டாதீர்கள், புரையேறும் ஆபத்து உண்டு. தூக்குவதையும் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அத்தகைய பிள்ளைகள் நாளை உங்கள் சாதாரண வகுப்பிலும் இருப்பார்கள். சிறப்பாசிரியராகவே ஆக விரும்பினால், இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பும் பதிவும் தேவை.

வாரத்தில் ஒரு நாள் போதும். ஆனால் சொன்ன நாளில் தவறாமல் போங்கள். அந்தப் பிள்ளைகள் உங்களை எதிர்பார்ப்பார்கள்.