எந்தக் கதவைத் தட்டுவது?

"மருந்து இல்லை", "டாக்டர் வரவில்லை", "கூரை ஒழுகுகிறது" - நம் எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் குறைகள் இவை. மூன்றுக்கும் பதில் சொல்லவேண்டியவர் ஒருவரே அல்லர். இது புரியாததால் மனு தவறான மேசையில் தூங்குகிறது. நோயாளியோ கடன் வாங்கிக்கொண்டு கோவைக்கும் தேனிக்கும் பஸ் ஏறுகிறார்.

முதலில் அடுக்குகளை அறிவோம். ரயில் பாதையை நாள்தோறும் நடந்தே பார்க்கும் கீமேனைப் போல, கீழ்ப்படியில் இருப்பது துணை மையம். சமவெளியில் 5000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3000 பேருக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். அங்குள்ள நர்சும் ஆஷா பணியாளரும் வீடு தேடி வருவார்கள். அடுத்த படி ஆரம்ப சுகாதார நிலையம். 2017 முதல் ஆர்த்ரம் திட்டத்தில் இவை குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றப்பட்டு வருகின்றன. அதற்கு மேல் சமூக சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்ட ஆஸ்பத்திரி.

இனிப் பொறுப்புகள். கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994-இல் வந்தது. அதையொட்டி 1995-இல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராமப் பஞ்சாயத்திடமும், மாவட்ட ஆஸ்பத்திரிகள் மாவட்டப் பஞ்சாயத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. ஆனால் டாக்டர், நர்ஸ் நியமனமும் சம்பளமும் மாநில சுகாதாரத் துறையிடமே உள்ளன. மருந்தை மொத்தமாக வாங்குவது கேரள மருத்துவ சேவைக் கழகம். பற்றாக்குறையைப் பஞ்சாயத்து தன் திட்ட நிதியில் ஈடுகட்டலாம்.

ஆகவே:

1. கூரை, குடிநீர், கழிப்பறை என்றால் பஞ்சாயத்துத் தலைவரிடம் செல்லுங்கள்.

2. டாக்டர் இல்லையென்றால் மாவட்ட மருத்துவ அலுவலரிடம் எழுதுங்கள்.

3. மருந்து இல்லையென்றால் முதலில் நிலையத்து மருத்துவ அலுவலரிடம், பிறகு பஞ்சாயத்தில் கேளுங்கள்.

மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் இன்னொரு கதவும் உண்டு. தொழிலாளரின் மருத்துவ வசதியை முதலாளியின் கடமையாக்கியது 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். தோட்ட ஆஸ்பத்திரி இருப்பதனால் அரசு நிலையத்திற்குப் போகும் உரிமை போய்விடாது.

மனுவை மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்கவேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமை 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே ஏற்கப்பட்டது. மனுவின் நகலை வைத்துக்கொண்டு, பெற்றதற்கு ரசீது கேளுங்கள்.

கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ளவரே உறுப்பினர். கொழிஞ்சாம்பாறையில் குடியேறிவிட்டு வாக்கை மட்டும் சொந்த ஊரில் வைத்திருந்தால் அங்கு நம் குரல் எடுபடாது. ஆனால் சிகிச்சைக்கு வாக்கு தேவையில்லை.

கடைசியாக ஒன்று. எல்லை தாண்டும்போது குழந்தையின் தடுப்பூசி அட்டையையும், காசநோய் மருந்து உட்கொள்பவர் தம் சிகிச்சை அட்டையையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். காசநோய் மருந்து இரு மாநிலங்களிலும் இலவசம். ஊர் மாறும்போது பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். பிறகு அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். போகும் ஊரைப் புறப்படுமுன் நர்சிடம் சொல்லுங்கள்.