ஸ்பானிய இசையும் இலத்தீன் இசையும்

ஸ்பானிய மொழியிற் பாடப்படும் பாடல்கள் யாவற்றையும் ‘ஸ்பானிய இசை’ என்றழைக்கும் வழக்கம் நம் மாணவரிடையே உண்டு. பாடலின் மொழியைக் கொண்டு இசையின் ஊரைச் சொல்லிவிட முடியாது.

ஸ்பெயினின் தென்பகுதியாகிய அண்டலூசியாவில் வளர்ந்தது பிளமெங்கோ. நெடுங்காலம் அங்கு நிலவிய முஸ்லிம் ஆட்சியின் இசைச்சாயலும், 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினை வந்தடைந்த ரோமா மக்களின் குரலும் அதிற் கலந்தன. அம்மக்களின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது நமக்கு வியப்பூட்டும். ஆயினும் ஸ்பெயின் முழுவதும் பிளமெங்கோ அன்று; வடமேற்கிலுள்ள கலீசியாவில் தோற்பைக் குழலே ஒலிக்கிறது.

இலத்தீன் இசை என்பது இலத்தீன் அமெரிக்க இசை. பிறேசிலின் சம்பா போர்த்துக்கேய மொழியிலானது. 1492 இற்குப் பின் அங்கு சென்ற ஐரோப்பியர் தம் மொழியையும் கித்தாரையும் கொண்டுசென்றனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் தாளத்தைக் கொடுத்தனர். கியூபாவின் ‘சொன்’ இவ்வாறு பிறந்தது. நியூயோர்க்கில் குடியேறிய கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ மக்களிடையே 1960, 70களில் அதிலிருந்து சல்சா உருப்பெற்றது.

மாணவர்களே, கைதட்டிப் பாருங்கள். பன்னிரண்டு வரை எண்ணி 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் ஓங்கித் தட்டினால் அது பிளமெங்கோவின் ‘சொலெயா’. பதினாறு வரை எண்ணி 1, 4, 7, 11, 13 ஆகியவற்றில் தட்டினால் அது கியூபாவின் ‘கிளாவே’. இரு மரக்குச்சிகளைத் தட்டி அதனை ஒலிப்பர். இரண்டிலும் அடிகள் ஐந்தே, நடைதான் வேறு. மிருதங்கம் பயில்வோர்க்கு இது கடினமன்று.

இத்தகைய கலப்பு இலங்கையிலும் நிகழ்ந்தது. 1505 இல் வந்த போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் ஆண்டவர்களும் ஆபிரிக்கரைக் கொண்டுவந்தனர். புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்களின் பேச்சுமொழி சிங்களமாகிவிட்டது. ‘மாஞ்சா’ எனும் பாடல்கள் மட்டும் பழைய கலப்புப் போர்த்துக்கேயத்தில் எஞ்சியுள்ளன. தமிழ்ப் பாடல்களை நோர்வேஜிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகளின் பெற்றோர் இவ்விடத்திற் சற்று நின்று படிப்பது நன்று.

நம் பெற்றோர் இளமையிற் கேட்டு ஆடிய பைலாவும் இக்கலப்பிலே பிறந்ததுதான். அப்பெயர் ‘ஆடு’ எனும் பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லினின்று வந்தது. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ 1970களில் தமிழிலும் சிங்களத்திலும் ஒலித்தது. அதற்கும் கைதட்டிப் பாருங்கள், ஆறெண்ணிக்கை வரும்.