விழுந்த கிளையும் மடக்கு ரம்பமும்

கேள்வி:

ஐயா, பேராவூரணிப் பக்கம் எங்களுக்குச் சிறு தென்னந்தோப்பு இருக்கிறது. வேலியோரத்தில் வேம்பு, புளி, நாலைந்து மா, ஒரு பலா. நான் திருச்சியில் வேலை பார்ப்பதால் சனி, ஞாயிறுதான் தோப்புக்குப் போக முடிகிறது. கஜா புயலில் சாய்ந்தும் சாகாத மரங்கள் சில உண்டு. ஐப்பசி, கார்த்திகை வந்தால் அவற்றில் ஏதாவது ஒரு கிளை முறிந்து வழியை அடைத்துவிடும். மரம் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவர் இந்தச் சில்லறை வேலைக்கெல்லாம் வருவதில்லை. அப்பாவோ எழுபதைத் தாண்டிய பிறகும் வெட்டரிவாளால் கொத்திக்கொண்டிருக்கிறார்.

அரை மீட்டர் நீளத்தில் ஜப்பான் மடக்கு ரம்பம் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். விலையைப் பார்த்துத் தயங்குகிறேன். ஊர்க் கடையில் சில நூறு ரூபாய்க்கே மடக்கு ரம்பம் கிடைக்கிறது. எது சரி? என் மச்சான் வாங்கிய ரம்பம் இரண்டாம் நாளே மரத்துக்குள் மாட்டி வளைந்துவிட்டது. அப்படி ஆகாமல் அறுப்பது எப்படி? பல் மழுங்கினால் ஆசாரியிடம் கொடுத்துக் கூர் போட்டுக்கொள்ளலாமா?

– ஒரு வாசகர், பேராவூரணி

பதில்:

நீங்கள் சொல்லும் வேலைக்கு அரை மீட்டர் ரம்பம் வேண்டாம். பிளேடு 30 முதல் 36 சென்டிமீட்டர் வரை உள்ள ஒன்றை வாங்குங்கள். அதில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மீதிக் கால்வாசிக்கு மிஷின்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அரை மீட்டர் ரம்பம் வைத்திருப்பவரும் அதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்.

நீங்கள் பார்த்தது சில்க்கி நிறுவனத்தின் கட்டானாபாய் என்று நினைக்கிறேன். பிளேடு 500 மில்லிமீட்டர். இரு கையாலும் பிடித்து இழுக்க நீளமான கைப்பிடி. இதைவிடப் பெரிதாக 650 மில்லிமீட்டரிலும் வருகிறது. அருமையான கருவி, மறுக்கவில்லை. ஆனால் அது தரையில் கிடக்கும் கட்டையை, இரண்டு காலையும் ஊன்றி நின்று அறுப்பதற்கானது. ஏணியில் நின்று இரு கையாலும் ரம்பத்தைப் பிடித்தால் ஏணியைப் பிடிப்பது யார்? மடித்தாலும் அரை மீட்டருக்கு மேல் நீளம் இருப்பதால் பைக்கில் கொண்டுபோவதும் சிரமம். அதே நிறுவனத்தின் பிக்பாய் 360 மில்லிமீட்டர். ஒரு கையாலும் பிடிக்கலாம், தேவைப்பட்டால் இரு கையாலும் பிடிக்கலாம். உங்களுக்கு அந்த அளவுதான் சரி, எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் சரி. பாக்கோ லாப்லேண்டர் போன்ற 19 சென்டிமீட்டர் ரம்பம் சிறு கைப்பையிலேயே அடங்கும். மாமரக் கவாத்துக்கு நல்லது, புளியங்கிளைக்குப் போதாது.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. கிளையின் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு நீளம் பிளேடுக்கு இருந்தால்தான் நன்றாக நீட்டி இழுக்க முடியும், பல்லில் சேரும் தூளும் வெளியே வந்து விழும். 36 சென்டிமீட்டர் ரம்பத்துக்கு 15, மிஞ்சிப்போனால் 18 சென்டிமீட்டர் கிளை. விட்டம் இரண்டு மடங்கானால் அறுக்க வேண்டிய பரப்பு நாலு மடங்கு ஆகிறது. 10 சென்டிமீட்டர் வேப்பங்கிளையைச் சிரித்துக்கொண்டே அறுத்தவர், 20 சென்டிமீட்டர் கிளையில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவது இதனால்தான்.

இனி உங்கள் மச்சானின் ரம்பம். நம்மூர் ஆசாரி ரம்பம் தள்ளும்போது அறுக்கும். மடக்கு ரம்பங்களில் பெரும்பாலானவை ஜப்பானிய முறையில் செய்தவை, இழுக்கும்போது மட்டுமே அறுக்கும். இழுக்கும் விசையில் தகடு தானாகவே நேராக நிற்கும் என்பதால் அதை மெல்லியதாகச் செய்ய முடிகிறது. தகடு மெல்லியதென்றால் வெட்டும் மெல்லியது, உழைப்பும் குறைவு. அதே மெல்லிய தகட்டைப் பலம்கொடுத்துத் தள்ளினால் மடங்கிப்போகும். உங்கள் மச்சான் ஆசாரி ரம்பம் பிடித்துப் பழகியவராக இருக்க வேண்டும். இழுக்கும்போது அழுத்தம், திரும்பப் போகும்போது சும்மா. மேலே அழுத்தவே தேவையில்லை, ரம்பத்தின் எடையும் கையின் இழுப்பும் போதும். முதல் நாலைந்து இழுப்பை, கைப்பிடிக்கு அருகில் உள்ள பற்களால் மெதுவாகக் கொடுத்து ஒரு தடம் போட்டுக்கொள்ளுங்கள். இடது கையை ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். வெட்டு ஆழமாகும் முன் ரம்பம் துள்ளினால் நேரே அந்தக் கையில்தான் இறங்கும். கையுறை அந்தக் கைக்குத்தான் முக்கியம்.

ஆனால் ரம்பம் மாட்டிக்கொள்வது கைப்பழக்கத்தால் மட்டும் வருவதில்லை. மரம் எந்தப் பக்கம் அசையப் போகிறது என்று பார்க்காமல் அறுப்பதால்தான் பெரும்பாலும் மாட்டுகிறது. விழுந்த கிளை சும்மா கிடப்பதுபோலத் தெரியும். அது சும்மா இல்லை. எங்கோ அழுந்தி, எங்கோ இழுபட்டு, விறைப்பாக இருக்கிறது.

வேம்பின் கிளை ஒன்று பாதி முறிந்து, அடிமரத்தோடு ஒட்டியபடி, நுனி தரையைத் தொடாமல் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பக்கம் இழுபட்டிருக்கும், கீழ்ப்பக்கம் அழுந்தியிருக்கும். நேராக மேலிருந்து அறுத்தால் பாதியிலேயே மளமளவென்று முறிந்து, அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். முதலில் கீழிருந்து மேலாக, தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதோடு நிறுத்தி, மேலிருந்து அறுத்து முடியுங்கள்.

வாய்க்காலின் இரு கரையிலும் அடியும் நுனியும் தங்கி, நடுவில் அந்தரத்தில் கிடக்கும் கட்டைக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே மேல்பக்கம் அழுந்தியிருக்கும். மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டின் வாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு, பிறகு கீழிருந்து மீதி. கீழிருந்து மேலாக இழுப்பது முதலில் கைக்கு வராது. சில மடக்கு ரம்பங்களில் பிளேடைச் சற்றே சாய்வாகவும் பூட்டலாம், அந்த நிலை இதற்கு உதவும். கட்டை அறுந்து விழும்போது உங்கள் கால் அதற்குக் கீழே இருக்கக் கூடாது.

எந்தப் பக்கம் அழுந்தியிருக்கிறது என்று சந்தேகமாக இருந்தால் வெட்டையே பாருங்கள். விரல்கடை ஆழம் அறுத்துவிட்டு நிறுத்திக் குனிந்து பார்த்தால், ரம்பம் போன கோடு திறக்கிறதா, மூடுகிறதா என்று தெரியும். திறந்தால் எதிர்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டுத் தொடரலாம். மூடினால் ரம்பத்தை உருவிவிட்டு எதிர்ப்பக்கம் போங்கள், இல்லாவிட்டால் வெட்டில் ஒரு ஆப்பு செருகுங்கள். காய்ந்த பனைமட்டைத் துண்டைச் சீவினால் நல்ல ஆப்பு. பச்சைத் தென்னைமட்டை நசுங்கிவிடும். அப்படியும் மாட்டிக்கொண்டால் ரம்பத்தைப் பிடித்து உலுக்காதீர்கள். கட்டையைத் தூக்கி, கீழே ஒரு முட்டுக் கொடுத்தால் வாய் தானே திறக்கும்.

இரண்டு இடங்களில் மட்டும் கையே வைக்காதீர்கள். ஒன்று, பெரிய மரத்தின் கீழ் அகப்பட்டு வில்லாக வளைந்து நிற்கும் சிறு மரம். ரம்பம் பட்டதும் அது எந்தத் திசையில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. மற்றொன்று, வேரோடு சாய்ந்த மரம். வேரும் மண்ணும் சுவர்போலத் தூக்கி நிற்கும், பக்கத்தில் பள்ளம் இருக்கும். அடிமரத்தை அறுத்ததும் எடை விலகி அந்த வேர்ச்சுவர் பழையபடி பள்ளத்துக்குள் படுத்துவிடலாம். பிள்ளைகள் விளையாட இறங்கும் இடம் அந்தப் பள்ளம்தான். இதை மிஷின்காரரிடம் விடுங்கள், அவருக்கும் சொல்லி வையுங்கள். மின்கம்பியில் சாய்ந்த கிளை மின்வாரியத்தின் வேலை. அதை ஆளுக்கொரு கை பார்க்கக் கூடாது.

மரத்தில் நிற்கும் கிளையைக் கழிக்கும்போது மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து ஒரு வெட்டு. அதற்கு இரண்டு விரல்கடை வெளியே, மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை விழுந்துவிடும். மிஞ்சும் குட்டைக் கட்டையை மூன்றாவது வெட்டில் எடுக்க வேண்டும். எங்கே என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் புடைத்த வளையம் ஒன்று தெரியும். மாமரத்தில் அது நன்றாகவே தெரியும். அந்த வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி அறுங்கள். அடிமரத்தோடு மழமழவென்று சீவிவிடுவது அழகாகத் தெரியும், ஆனால் காயத்தை மூடும் திசு அந்த வளையத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணிபுரிந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களைப் பிளந்து பார்த்து வற்புறுத்தியது இதைத்தான். காயத்தில் தார் பூசுவதையும் பெயின்ட் அடிப்பதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் தார் பக்கம் போக மாட்டேன். ஆனால் மழைக்காலத்தில் மாவில் மணிக்கட்டைவிடத் தடித்த கிளையைக் கழித்தால் போர்டோ பசை பூசுவேன். 10 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பிறகு ஒன்றுசேர்க்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது. உங்களுக்குக் கால்வாசி அளவு போதும். மாவில் அவசரமில்லாத கவாத்தென்றால் அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. அரிவாள் கொத்திய காயம் சிராய் சிராயாக நிற்கும், தண்ணீர் தேங்கும், பூஞ்சைக்கு வசதி. ரம்பம் அறுத்தது ஒரே மட்டமாக இருக்கும். அரிவாளை ஓரங்கட்ட வேண்டாம், சுள்ளிகளைக் கழிக்க அதைவிட வேகமான கருவி இல்லை. விரல் தடிமன்வரை அரிவாள், அதற்கு மேல் ரம்பம் என்று பங்கு போட்டுவிட்டால் அவருக்கும் வருத்தம் இருக்காது.

பல்லைப் பற்றி. பச்சை மரத்துக்குப் பெரிய பல் வேண்டும், 30 மில்லிமீட்டருக்கு ஐந்தோ ஆறோ இருந்தால் சரி. ஈரத்தூள் அடைக்காது. காய்ந்த மரம், மூங்கில் இவற்றுக்குச் சிறு பல். பெரிய பல்லால் மூங்கிலை அறுத்தால் நார் நாராகக் கிழியும். காய்ந்த புளியின் வைரம் எந்த ரம்பத்தையும் திணறடிக்கும், விழுந்த புளியங்கிளையைப் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுவிடுங்கள். தென்னை அடிமரத்தை இதால் தொடாதீர்கள். அதன் வெளிப்பகுதி கடினமானது, பல்லை வெகு சீக்கிரம் மழுக்கிவிடும். வேலியோர மரம் என்கிறீர்கள். பழைய முள்கம்பியையும் ஆணியையும் மரம் விழுங்கி வைத்திருக்கும். பட்டையில் கறுத்த கோடோ மடிப்போ தெரிந்தால் ஒரு சாண் தள்ளி அறுங்கள்.

பலாவை அறுக்கும் முன் பிளேடில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பலாப்பழம் நறுக்கும்போது செய்வதுதான். ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணி எடுத்துவிடும். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், முழுக்கைச் சட்டை போடுங்கள். உங்கள் ஊரில் கடல்காற்றும் உண்டு. ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் துரு பிடித்திருக்கும். துடைத்து, கீல் திருகில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு மடியுங்கள்.

கடையில் வாங்கும்போது பிளேடை விரித்துப் பூட்டி, நுனியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கீலில் லொடலொடவென்றால் வேண்டாம். அறுக்கும்போது பூட்டு நழுவினால் பிளேடு உங்கள் விரல்மேல்தான் மடங்கும். சில நூறு ரூபாய் ரம்பங்களில் பல்லைவிடப் பூட்டுதான் முதலில் கைவிடும். நல்ல ரம்பத்தில் தகட்டின் முதுகு பல்வரிசையைவிட மெல்லியதாக இருக்கும், வெட்டுக்குள் உரசாமல் ஓட அதுதான் காரணம். விரலால் கிள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆசாரியிடம் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். பல்நுனிகளை வெளிச்சத்தில் பாருங்கள். கருநீலச் சாயல் ஓடியிருந்தால், நுனியை மட்டும் மின்சாரத்தால் நொடியில் சூடேற்றிக் கடினமாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அதில் அரம் வழுக்கும், பாவம் ஆசாரியின் அரம்தான் வீணாகும். அந்த வகைக்கு மாற்றுப் பிளேடுதான் வழி. ஆகவே வாங்கும்போதே மாற்றுப் பிளேடு தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காத ரம்பம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நீலம் இல்லாத பல்லைக் கூர் போடலாம். ஆனால் மூன்று முகமாகத் தீட்டிய ஜப்பானியப் பல்லின் இடுக்கில் சாதாரண முக்கோண அரம் நுழையாது, மெல்லிய கத்தி அரம் வேண்டும். உங்கள் ஆசாரியிடம் அது இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.