மணல்வீடும் மறுகதையும்

நுழையும்முன்

அழுகிற குழந்தையை அனைவரும் கவனிப்பர். அழாமல் ஒதுங்கியிருக்கும் குழந்தையைச் ‘சமத்து’ என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவர். பேச்சில் வராத துயரம் விளையாட்டில் வெளிப்படும். அதனை உணர்ந்து உதவும் முறையே விளையாட்டுவழிச் சிகிச்சை.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது புலருமுன்பே ஊர் விழித்துக்கொள்கிறது. தொழிலாளரை ஏற்றிய ஜீப்புகள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளின் வழியே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விரைகின்றன. அவற்றில் செல்வோருள் பெண்கள் பலர். குழந்தை கண்விழிக்கும்போது தாய் மலையேறியிருப்பாள். அப்பத்தாவோ அம்மாச்சியோ தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவார். பெரும்பாலான குழந்தைகள் இதற்குப் பழகிவிடுகின்றனர். சிலருக்கு மட்டும் அன்றாடப் பிரிவு அச்சமாக மாறிவிடுகிறது. மலைச்சாலை விபத்து பற்றிய பேச்சு காதில் விழுந்தால் அவ்வச்சம் பெருகும். “ஏன் பயப்படுகிறாய்?” என்று கேட்டால் ஆறு வயதுக் குழந்தைக்கு விடை சொல்லத் தெரியாது.

ஆனால், அது விளையாடிக் காட்டும். சிக்மண்ட் பிராய்டு 1920இல் வெளியிட்ட நூலொன்றில், ஒன்றரை வயதுக் குழந்தையின் விளையாட்டை விவரிக்கிறார். நூல் கட்டிய மரக்கட்டையைக் கண்ணுக்கு மறைவாக எறிவதும், நூலைப் பற்றி இழுத்து அது திரும்பிவரக் கண்டு மகிழ்வதுமே அவ்விளையாட்டு. தாய் வெளியே செல்வதைத் தடுக்க இயலாத குழந்தை, போவதையும் வருவதையும் தன் கைவசமாக்கிக்கொண்டது என்பது அவர் விளக்கம். நம் கண்ணாமூச்சியிலும் இவ்வின்பம் உண்டு.

மணலில் சிறுவீடு கட்டுதலும் அதனைச் சிதைத்தலும் தமிழர் நன்கறிந்த விளையாட்டுகள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவமாகவே அமைந்துள்ளது. மார்கரெட் லோவன்பெல்டு 1928இல் இலண்டனில் குழந்தைகளுக்கெனச் சிகிச்சையகம் தொடங்கினார். அங்கு மணல்தட்டும் சிறுபொம்மைகளும் தந்து, குழந்தை தன் உலகத்தைத் தானே அமைக்கவிட்டார். 1947இல் ‘விளையாட்டுச் சிகிச்சை’ என்னும் பொருளுடைய நூலை எழுதிய வர்ஜீனியா ஆக்ஸ்லைன், குழந்தையே முன்செல்ல வேண்டும், ஆற்றுப்படுத்துநர் பின்தொடர வேண்டும் என்றார். வீட்டைக் கட்டுமுன் “இது யார் வீடு?” என்று துருவுவது சிகிச்சையன்று, விசாரணை.

கதைக்கும் இம்முறையில் இடமுண்டு. அமெரிக்க உளமருத்துவர் ரிச்சர்டு கார்ட்னர் வகுத்த முறையில், குழந்தை முதலில் கதை சொல்லும். மருத்துவர் அதே மாந்தரைக்கொண்டு மறுகதை சொல்வார். இரைதேடப் போன தாய்க்குருவி புயலில் சிக்கித் திரும்பவேயில்லை என ஒரு குழந்தை கதையை முடிப்பதாகக் கொள்வோம். மறுகதையில் தாய்க்குருவி மரப்பொந்தில் ஒதுங்குகிறது. குஞ்சோ பக்கத்துக் கூட்டுக் கிழக்குருவியைத் துணைக்கு அழைக்கிறது. ‘அம்மா என்றும் நேரத்திற்கு வருவாள்’ என்ற பொய் உறுதி அதில் இல்லை. தாமதமானால் யாரை அழைப்பது என்ற வழி இருக்கிறது. அழுகையை அடக்கப் பூச்சாண்டிக் கதை சொல்லும் நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது.

பிரிவைவிடக் கொடிய துயரிலும் இவ்வழி பயன்பட்டுள்ளது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1996இல் இலங்கையின் மட்டக்களப்பில் ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ தோன்றியது. கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதனை உருவாக்கினர். சுற்றுவட்டாரத் தமிழ், முஸ்லிம் சிற்றூர்களின் குழந்தைகள் அங்கு ஒன்றுகூடினர். களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்து நாடகமாக நடித்தனர். ‘போரில் என்ன கண்டாய்?’ என்ற கேள்விக்குச் சொல்லாதவற்றைச் சொல்ல அங்கே களிமண்ணும் கதைமாந்தரும் இருந்தனர். ஒருவரையொருவர் அஞ்சக் கற்பிக்கப்பட்ட குழந்தைகள் ஒரே கதையில் வேடம் ஏற்றது, மருந்தால் ஆகாத செயல்.

அப்பத்தாவின் கதையும் பல்லாங்குழியும் குழந்தைக்குப் பெருந்துணை. எனினும், உறக்கம் கெட்டு, உணவு மறுத்து, பேச்சும் குறைந்த குழந்தைக்குப் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் தேவை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். ஆனால், சிகிச்சை ஒருநாளில் முடிவதன்று. வாரந்தோறும் தொடர வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் தாய் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். எனவே, ஏலத்தோட்டத் தொழிலாளரின் குழந்தைக்கு அச்சிகிச்சை கிட்ட ஏற்ற இடம் அது நாள்தோறும் செல்லும் பள்ளியே. ஒரு மணல்தட்டு, கொஞ்சம் களிமண், காத்திருக்கத் தெரிந்த ஓர் ஆற்றுப்படுத்துநர். முதலிரண்டும் எளிதில் கிடைக்கும்.